ஆயாவின் சாவு எந்தக் கணக்கில் வரும்?

மரக்காணம் உப்பளப் பக்கம் கொரோனா பற்றிப் பேச்செடுத்தால் ஒரு வசனம் கட்டாயம் வரும். "அமெரிக்காக்காரனே கொத்துக் கொத்தா செத்தான். நாம வெயில்ல வெந்து, உப்புல ஊறின உடம்பு. நமக்கு என்னா ஆச்சு?"

சமீபத்தில் ஊருக்குப் போயிருந்தபோது என் பெரியப்பாவும் இதையேதான் சொன்னார். சொல்லிவிட்டு, சுவரில் மாலையோடு தொங்கும் ஆயாவின் படத்தை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் பேச்சை மாற்றிவிட்டார்.

ஆயா இறந்தது 2021 மே மாதம். பாத்தியில் உப்பு பூத்துக் கிடக்கும் மாதம் அது. ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி இல்லை. அதனால் காய்ச்சலோடு மூன்று நாள் உப்பு வாரப் போனார். ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. அலைந்து பிடித்த வண்டியில் கூட்டிப்போன இடத்தில் படுக்கை இல்லை என்றார்கள். திரும்பி வந்த மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார். பரிசோதனை எடுக்கவே இல்லை. "வயசாயிடுச்சு" என்று ஊர் சொன்னது. ஆயாவுக்கு வயது 63.

டிஜிட்டல் டெஸ்க்கில் நாள் முழுக்க எண்களோடு மல்லுக்கட்டுபவள் நான். பெரியப்பா சொன்ன கணக்கு சரிதானா என்று இந்த வாரம் உட்கார்ந்து பார்த்தேன்.

மேலோட்டமாகப் பார்த்தால்...

அரசுகள் அறிவித்த எண்களை மட்டும் வைத்தால் பெரியப்பா ஜெயித்துவிடுவார். 10 லட்சம் பேருக்கு எத்தனை கொரோனா மரணம் என்று பார்த்தால் பெருவில் 6,000-க்கும் மேல், அமெரிக்காவில் 3,000-க்கும் மேல். இந்தியாவில் 400-க்கும் கீழ்.

இதற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. கொரோனா முதியவர்களைத்தான் அதிகம் கொன்றது. நம்முடையது இளைஞர்கள் அதிகமுள்ள நாடு. ஆனால், வயது மட்டுமே காரணம் என்றால் உலகிலேயே முதியவர்கள் மிகுந்த ஜப்பான் அல்லவா பட்டியலில் முதலில் வந்திருக்க வேண்டும்? அங்கே மரண விகிதம் அமெரிக்காவைவிடப் பல மடங்கு குறைவு. அப்படியென்றால் வேறு ஏதோ இருக்கிறது.

எண்ணினால்தானே எண்ணிக்கை?

2021 மே 31 அன்று பெரு அரசு ஒரு காரியம் செய்தது. அதுவரை 69,342 என்று சொல்லிவந்த கொரோனா மரணங்களை, பழைய பதிவுகளை மறுபடி அலசி, 1,80,764 என்று திருத்தியது. ஒரே நாளில் இரண்டரை மடங்குக்கும் மேல்! அன்று புதிதாக யாரும் கூட்டமாகச் சாகவில்லை. ஏற்கெனவே செத்தவர்களைக் கணக்கில் சேர்த்தார்கள், அவ்வளவுதான். பெரு முதலிடத்துக்கு வந்ததில் ஆக்சிஜன் தட்டுப்பாட்டுக்குப் பங்கு உண்டு. இந்த நேர்மைக்கும் பங்கு உண்டு.

நம் ஊரிலும் சிறிய அளவில் இது நடந்தது. 2020 ஜூலையில், குழு அமைத்துச் சரிபார்த்த பிறகு, சென்னையில் விடுபட்ட 444 மரணங்களைத் தமிழக அரசு பட்டியலில் சேர்த்தது.

அறிவிக்கப்பட்ட எண்ணை நம்ப முடியாதபோது நிபுணர்கள் வேறு வழியில் போகிறார்கள். வழக்கமான ஆண்டில் எத்தனை பேர் இறப்பார்கள், இந்த ஆண்டு எத்தனை பேர் இறந்தார்கள் என்று கழித்துப் பார்ப்பதுதான் அது. மிச்சம் வருவது 'கூடுதல் மரணம்'. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இப்படிக் கணக்கிட்டு, 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் உலகம் முழுக்க சுமார் 1.49 கோடி பேர் கூடுதலாக இறந்தார்கள் என்றது. அதில் இந்தியாவின் பங்கு சுமார் 47 லட்சம். அப்போது நம் அரசுக் கணக்கு 4.8 லட்சம்தான். கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம்! இந்தக் கணக்குப்படி, இந்தியாவின் மரண விகிதம் அமெரிக்காவைத் தாண்டிவிடுகிறது. ஜப்பானிலும் நியூசிலாந்திலும் வழக்கத்தைவிடக் குறைவாகவே இறந்திருக்கிறார்கள்.

கணக்கிட்ட முறையே தவறு என்று மத்திய அரசு மறுத்தது. ஆனால் 2025 மே மாதம் மத்திய அரசே வெளியிட்ட பதிவுக் கணக்கைப் பாருங்கள். 2020-ல் பதிவான மொத்த மரணங்கள் சுமார் 81 லட்சம். 2021-ல் 1 கோடியே 2 லட்சம். ஒரே ஆண்டில் 21 லட்சம் அதிகம். பதிவு செய்யும் பழக்கம் கூடியதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு கொரோனா மரணம் என்று அறிவிக்கப்பட்டவை மூன்றரை லட்சத்துக்கும் குறைவு. மீதிப் பேர் எதனால் போனார்கள்?

காரணம் தெரிய வழியே குறைவு என்பதுதான் வேதனை. 2020-ல் இந்தியாவில் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் எழுதிக் கொடுத்தவை 22.5 சதவிகிதம் மட்டுமே. நூற்றில் எழுபத்தேழு பேர் ஆயாவைப் போலத்தான் போயிருக்கிறார்கள்.

வைரஸ் ஒன்று, வரிசை வேறு

எண்ணுவதில் மட்டுமா ஏற்றத்தாழ்வு? தடுப்பூசியிலும்தான். 2021 முடியும்போது பணக்கார நாடுகளில் மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். மிக ஏழை நாடுகளில் பத்தில் ஒருவருக்குக்கூட முதல் ஊசி கிடைத்திருக்கவில்லை.

இது புதிய கதையும் அல்ல. 1918-ல் இன்ஃபுளுயன்சா வந்தபோது, பம்பாய் நகரில் ஐரோப்பியர்கள் ஆயிரத்துக்கு 8.3 பேர் இறந்தார்கள். அன்றைய பதிவேடு 'தாழ்ந்த சாதி இந்துக்கள்' என்று குறித்தவர்கள் ஆயிரத்துக்கு 61.6 பேர். ஒரே ஊர், ஒரே காற்று, ஒரே நோய். ஏழு மடங்கு வித்தியாசம்! நாட்டுக்கு நாடு நாம் பார்க்கும் இடைவெளி தெருவுக்குத் தெரு இருந்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் பறக்கின்றன. அதை ஒட்டிய உப்பளத்தில் இருப்பவருக்கு ஆக்சிஜன் எத்தனை மணி நேரத் தொலைவு என்பதுதான் கேள்வி.

எழுதிவையுங்கள்

"செத்தவங்களை எண்ணி என்னா பண்ணப்போற?" என்று பெரியப்பா கேட்டார். எண்ணுவதால் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, எங்கே அதிகம் பேர் செத்தார்களோ அங்கேதான் அடுத்த முறைக்கான படுக்கையும் ஆக்சிஜனும் போக வேண்டும் என்று கேட்க முடியும். இரண்டு, குடும்பத்துக்கான உரிமை. உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கிடைத்தது. பரிசோதனை முடிவோ, மருத்துவர் உறுதி செய்த ஆவணமோ வேண்டும் என்றார்கள். எங்களிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை. எங்கள் தெருவில் அப்படி இன்னும் சில வீடுகள் இருக்கின்றன.

வீட்டில் யார் இறந்தாலும் 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். தாமதமானாலும் பதிவு செய்ய சட்டத்தில் வழி இருக்கிறது. கடைசியாகப் பார்த்த மருத்துவர் இருந்தால், மரணத்துக்கான காரணத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். துக்க வீட்டில் இதையெல்லாம் கேட்பது சங்கடம்தான். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம்.

கிளம்பும்போது பெரியப்பாவிடம் இந்தக் கணக்கையெல்லாம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அது வயசுச் சாவு இல்ல..." என்றார். "தெரியாது பெரியப்பா, பரிசோதிக்கலையே" என்றேன்.

"தெரியாதுன்னாவது எழுதி வை" என்றார். எழுதிவிட்டேன்.