ஆபத்தைக் குரலில் சொல்லுங்கள்

2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. கப்பலிலிருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் குழாய் அது. தூக்கத்திலிருந்த பலரை எழுப்பியது மூக்கைத் துளைத்த நெடிதான். கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் சாலைக்கு ஓடினார்கள். ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள்.

அதற்குச் சரியாக 19 ஆண்டுகளுக்கு முன், 2004 டிசம்பர் 26 காலையில், புதுச்சேரியின் நல்லவாடு மீனவக் கிராமத்தில் நடந்தது வேறு. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். கடல்நீர் ஊருக்குள் வருவதாக இங்கிருந்து சொன்னார்கள்; உடனே வெளியேறி மற்றவர்களையும் எச்சரிக்கச் சொன்னார் அவர். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் நாசமாயின. ஊர் மக்கள் உயிர் தப்பினார்கள்.

நல்லவாட்டில் வேலை செய்தவை இரண்டு. ஒன்று, அந்தப் போன் பேச்சில் கேள்வியும் பதிலும் இருந்தன. இரண்டாவது, அலை உயரத்தையும் வானிலையையும் நாள்தோறும் சொல்லிப் பழகிய ஒலிபெருக்கி அது. பழகிய குரல் சொன்னதால் ஊர் நம்பியது.

எண்ணூரிலும் எச்சரிக்கக் கருவியே இல்லாமல் இல்லை. கசிவுக்கு இரண்டு மாதம் முன்பு, 2023 அக்டோபர் 20 அன்று, தமிழகமெங்கும் செல்போன்களை அலறவைத்துப் பேரிடர் எச்சரிக்கைச் சோதனை நடந்தது. லட்சக்கணக்கானோரை ஒரே நொடியில் எட்டக்கூடிய நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது ஒருவழிப் பாதை. வாயுக் கசிவில் தெரியவேண்டியது, காற்று இப்போது எப்படி வீசுகிறது, எந்தத் தெரு வழியாகப் போவது, படுக்கையில் கிடக்கும் முதியவரை என்ன செய்வது என்பதுதான். தெருவுக்குத் தெரு மாறும் இந்தக் கேள்விகளைத் தட்டச்சு செய்து பதிலுக்குக் காத்திருக்க முடியாது.

குரலில் கேட்டுக் குரலிலேயே பதில் பெறுவது கடலோரத்துக்குப் புதிதல்ல. படகுகளின் வயர்லெஸ்ஸில் ஒருவர் கேட்டால், அந்த அலைவரிசையில் இருக்கும் எல்லாப் படகுக்கும் கேட்கும். விவரம் தெரிந்தவர் பதில் சொல்வார். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரக்குப்பத்தில், வீசுவது வாடைக் காற்றா கச்சான் காற்றா என்று நின்ற இடத்திலேயே சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். வாயு எந்தப் பக்கம் பரவும் என்று முடிவெடுக்க ஆலைக்கும் அவர்கள் தேவை. ஆலை பேசினால் மட்டும் போதாது, கேட்கவும் வேண்டும்.

எழுத்துக்கு அதன் இடம் உண்டு. புகாரும் இழப்பீட்டுக் கோரிக்கையும் எழுத்தில் இருந்தால்தான் பசுமைத் தீர்ப்பாயத்தில் நிற்கும். காது கேளாதவர்களுக்குக் குறுஞ்செய்தியே துணை. சாட்சியத்துக்கு எழுத்து, எச்சரிக்கைக்கு முதலில் குரல் என்பதே சரியான பங்கீடு.

குரல்வழி எச்சரிக்கைக்குச் சட்டமும் இடம் தருகிறது. விபத்து நேர்ந்தால் என்ன செய்யவேண்டும் என்பதைச் சுற்றிலும் வசிப்பவர்களுக்கு ஆலை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கின்றன 1989-ம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகள். துண்டறிக்கை அச்சடித்து அந்தக் கடமையைத் தீர்த்துக்கொள்ள விடக்கூடாது.

எண்ணூர்க் குப்பங்கள் ஒவ்வொன்றிலும் ஆலைகளின் செலவில் அபாயச் சங்கும் ஒலிபெருக்கியும் வைத்து, ஊர் நிர்வாகிகள் பொறுப்பில் விடவேண்டும். கப்பலிலிருந்து அமோனியா இறக்கும் நாட்களில் முன்னதாகவே அதில் அறிவிக்க வேண்டும். பதிவு செய்த குரல் பேசாமல், இரவிலும் ஓர் ஆள் எடுத்துப் பேசும் தொலைபேசி எண் வேண்டும். ஒத்திகையை இரவிலும் நடத்த வேண்டும். மாவட்ட நிர்வாகமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இவற்றை ஆலை உரிமத்தின் நிபந்தனைகளாக்க வேண்டும்.