விமானத் தகடு என்ற பம்மாத்து

ஏணிக்கு விமான அலுமினியம், சூட்கேசுக்கு விமான அலுமினியம், கைபேசி உறைக்கும் விமான அலுமினியம். விளம்பரத்தில் இந்தப் பெயர் ஏறினால் விலையும் கூடவே ஏறும். வாங்குகிறவர் விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, சத்தத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டதுபோல் தலையை ஆட்டி, கேட்ட காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஏணி வாங்கியவருக்கு இதில் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. அதே நம்பிக்கை உண்மையான விமானப் பட்டறைக்குள்ளேயே புகுந்துகொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சிறிய விமானமொன்றைத் தன் கையால் கட்டுகிறவர் கருவிப் பலகைக்கு ஒரு தகடு தேடத் தொடங்கினால் போதும், "இங்கே கிடைக்கிறதெல்லாம் சட்டித் தகடு, வெளிநாட்டிலிருந்து 2024 எண் தகடு எடுப்பியுங்கள்" என்று ஆளுக்கு ஆள் புத்தி சொல்கிறார்கள். மலையகத்தில் இருந்து தேடுகிறவர் பாடு இன்னும் மோசம். ஹட்டனில் தகடு என்றால் லயத்துக் கூரைத் தகரம் மட்டும்தான் என்று கொழும்பில் ஒரு நினைப்பு. நம் ஆட்களும் அதை நம்பிவிட்டார்கள். தேயிலைச் செடியே அமில மண்ணிலிருந்து அலுமினியத்தை இழுத்து முற்றிய இலையில் சேர்த்துவைக்கிற சாதி. அந்த வகையில் இந்த உலோகத்தோடு நமக்குள்ள உறவு விமானத்தைவிடப் பழையது.

"விமானத் தரம்" என்று அலுமினியத்தில் ஒரு தரமே கிடையாது. இருப்பது எண்கள். 1954இல் அமெரிக்காவில் வகுத்த நான்கு இலக்க முறைதான் இன்று எங்கும் நடைமுறையில் இருக்கிறது. 3003இல் மங்கனீசு கலந்திருக்கும், சட்டி பானைக்குப் போவது அதுதான். 5052இல் மக்னீசியம், அது படகுக்கும் எரிபொருள் தாங்கிக்கும் போகும். 6061இல் மக்னீசியத்தோடு சிலிக்கனும் உண்டு, சைக்கிள் சட்டம் செய்வதும் விமானப் பாகம் செய்வதும் அதே 6061தான். 2024இல் நூற்றுக்கு நாலு பங்களவு செம்பு. 7075இல் துத்தநாகம். இந்த வரிசையில் விமானத்துக்குள் எங்காவது ஓரிடத்தில் வேலைக்கு எடுக்கப்படாத எண் ஒன்றுகூட இல்லை, சட்டித் தகடு உட்பட.

சரி, கருவிப் பலகைக்கு என்ன வேலை? வேகமானி, உயரமானி, எஞ்சின் மானிகள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எஞ்சின் அதிர்வில் துடிக்கக் கூடாது. மேலே இருக்கிற காந்தத் திசைகாட்டியைக் குழப்பக் கூடாது. திசைகாட்டிக்குத் தகடு இரும்பாக இல்லாதிருந்தால் போதும். துடிக்காமலிருக்க வேண்டியது விறைப்பு. இங்கேதான் புத்தி சொல்கிறவர்கள் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள், விறைப்பையும் வலிமையையும் ஒன்றென்று எண்ணி. வலிமையில் 2024க்கும் 5052க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்: பதப்படுத்திய 2024 தகடு ஏறத்தாழ 345 மெகாபாஸ்கல் வரை நிரந்தரமாக வளையாமல் தாங்கும், 5052 அதில் பாதியைச் சற்றுத் தாண்டும். விறைப்பிலோ சட்டித் தகட்டுக்கு 69 கிகாபாஸ்கல், 2024க்கு 73. நூற்றுக்கு ஆறு கூட, அவ்வளவே. இந்த ஆறுக்காகவா கப்பல் கூலியும் சுங்கத் தீர்வையும்? விறைப்பு தகட்டின் கனத்தோடு மும்மடியாக ஏறுகிற சங்கதி. 1.6 மில்லிமீட்டர் தகட்டுக்குப் பதில் 2 மில்லிமீட்டர் போட்டாலே விறைப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஒரு மீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பலகையில் அதனால் கூடுகிற பாரம் அரைக் கிலோகூட வராது. அதிலும் கருவிக்கொரு 3⅛ அங்குலத் துளை வெட்டியெடுத்த பிறகு இன்னும் குறையும்.

அதோடு 2024இன் வலிமை சும்மா வருவதல்ல. உள்ளே இருக்கிற செம்பு ஈரத்தில் அதை அரித்துவிடும். மேலே சுத்த அலுமினியப் படலம் ஏற்றிய தகட்டை 1920களிலேயே கண்டுபிடிக்க வேண்டி வந்தது இதனால்தான். அந்தப் படலமும் துளை வெட்டிய விளிம்பில் இராது. நுவரெலியாவில் கொடியில் போட்ட சட்டை மூன்று நாளாகியும் காயாத பனிமூட்டத்தில் எந்தத் தகடு நிற்கும் என்று யாராவது யோசிக்கிறார்களா? இன்னொன்று, 2024ஐ மூலை கூர்மையாக மடித்தால் வெடிக்கும். வளைவின் உள் ஆரம் தகட்டின் கனத்தைப்போல் மூன்று மடங்காவது வேண்டும். 5052 அப்படி அடம் பிடிக்காது, சொன்னபடி மடியும்.

உலோகத்தை வைத்து விமானத்தை அளக்கிற பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1940 யூலையில் பிரிட்டனின் விமான உற்பத்தி அமைச்சர் பீவர்புரூக் பிரபு, வீட்டுச் சட்டிகளைக் கொடுங்கள், ஸ்பிட்ஃபயர் செய்கிறோம் என்று கேட்டார். சனங்கள் மலைமலையாகக் கொண்டுவந்து குவித்தார்கள். அதில் ஏறியது மனத்தெம்புதான், விமானத் தகட்டுக்கு அந்தச் சட்டிகளால் பெரிய உதவி இல்லை. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்புக்கு மேல் வந்த ஜப்பானிய ஸீரோ விமானங்களில் அன்றைய உலகின் மிக வலுவான துத்தநாகக் கலவை இருந்தது. அவற்றை எதிர்க்க இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழும்பிய ஹரிக்கேன்களின் பின்னுடல் உலோகக் குழாய்ச் சட்டத்தில் பொருத்திய மரக் கீற்றுகளின் மேல் போர்த்திய துணி. அன்றைய நாள் ஜப்பானியர் பக்கம் போனது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே துணி விமானம்தான் 1940இல் பிரிட்டனின் வானத்தைக் காத்ததில் பெரும்பங்கு எடுத்தது.

உயிர் விடயத்தில் கஞ்சத்தனம் எதற்கு என்பார்கள். இறக்கையின் நடுச்சட்டத்துக்கு வரைபடம் எந்த எண்ணைச் சொல்கிறதோ அதைத்தான் போட வேண்டும், அதில் எனக்கு வாதமே இல்லை. பலகையையே பாரம் தாங்கும் உறுப்பாக வடிவமைத்திருந்தால் அங்கேயும் அப்படியே. பதிவுபெற்ற விமானத்தில் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதியை மீறி ஒரு ஆணியும் ஏற்ற முடியாது. ஆனால் அங்கேயும் கேட்பது எதை? ஆலைச் சான்றிதழை. எந்த ஆலை, எந்த வார்ப்பு, என்ன கலவை, என்ன பதம் என்ற காகிதம். காகிதம் தொலைந்த அசல் 2024 தகடு பரிசோதகர் கண்ணுக்கு இரும்புக் கடைச் சரக்குத்தான்.

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, ஹஜ் பயணிகளோடு சுராபாயாவிலிருந்து வந்த மார்ட்டினேர் டிசி-8 விமானம் மஸ்கெலியாப் பக்கம் சப்த கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதன் சக்கரமொன்று நோட்டன் பிரிட்ஜில் இன்னும் நினைவாக இருக்கிறது. அந்த விமானத்தின் உலோகத்தில் யாரும் குறை சொல்லவில்லை. தாங்கள் எங்கே பறக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்து, மலைக்கு மேல் நிற்கும்போதே இறங்கத் தொடங்கினார்கள். கருவிப் பலகை கட்டுகிறவர் கவலைப்பட வேண்டிய இடம் அது: எந்த மானி எங்கே இருக்கிறது, இரவில் வெளிச்சம் போதுமா, கண்ணாடியில் பட்டு மின்னி எண்ணை மறைக்கிறதா, தகட்டுக்கு மங்கல் கறுப்புப் பூச்சு அடித்தாயிற்றா. தகட்டுக்காக ஆறு மாதம் அலைகிறவர்கள் இதற்கு அரை நாள் ஒதுக்குவதில்லை.

தொழிற்சாலைகளுக்குத் தகடு இறக்குமதி செய்கிறவர்களிடம் 5052ஐயோ 6061ஐயோ எண் சொல்லிக் கேட்கலாம். வெட்டவும் மடிக்கவும் கொழும்புக்கு இறங்க வேண்டியதில்லை. லொறிக்குப் பொடி கட்டும் கராஜ் பாஸ்மாரும், பழைய சிரோக்கோ உலர்த்திகளை இன்னும் ஓட்டிவரும் தேயிலைத் தொழிற்சாலைப் பிட்டர்களும் இங்கேயே இருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு துண்டை வெட்டிக் கொடுங்கள், மடித்துப் பார்த்தே அதன் குணத்தைச் சொல்லிவிடுவார்கள். கடைக்காரர் விமானத் தகடு என்றால் எந்த எண் என்று கேளுங்கள். எண் சொல்லத் தெரியாதவருக்குச் சாதாரணத் தகட்டு விலைக்கு மேல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.