புகையிலைத் தண்ணீரும் செம்மறியின் கண்ணிமையும்

மாரி தொடங்கிச் சில கிழமைகளுக்குள் செம்மறிகள் சாகத் தொடங்குகின்றன. கழிச்சல் பெரிதாக இராது. தின்றுகொண்டு நின்ற மறி மெலியும். தாடையின் கீழ் தண்ணீர்ப்பை போல வீக்கம் இறங்கும். ஒரு நாட்காலை கொட்டிலில் விழுந்து கிடக்கும். குளிர் பிடித்துவிட்டது என்று சொல்லி நாம் புதைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது குளிரல்ல. ஆட்டின் நான்காம் இரைப்பையில் இருந்து இரத்தம் உறிஞ்சும் ஹீமோங்கஸ் என்ற புழுவின் வேலை. ஒரு புழு நாளொன்றுக்கு ஒரு துளி இரத்தத்தைத்தான் வீணாக்கும். ஆனால் ஆயிரம் புழு சேர்ந்தால் அது 50 மில்லிலீற்றர். 20 கிலோ ஆட்டின் உடலில் உள்ள முழு இரத்தமே ஏறக்குறைய ஒன்றேகால் லீற்றர்தான்.

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு மூன்று செம்மறி என்பது வங்கிப் புத்தகம் போன்றது. பிள்ளையின் கொப்பி, ஆஸ்பத்திரிச் செலவு, அடுத்த போகத்து விதை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆகவேதான், மருந்து வாங்க வசதியில்லாதபோது கைமருந்து ஏதும் உண்டா என்று எம்மிடம் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. எமது பதில் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம்.

புகையிலைத் தண்ணீர் பருக்குவதை நாம் ஆதரிக்க மாட்டோம். புகையிலைச் சத்தையும் துரிசையும் கலந்து செம்மறிக்குக் கொடுக்கும் வழக்கம் மேல்நாடுகளிலும் ஒரு காலம் இருந்தது. நல்ல மருந்துகள் வந்ததும் கைவிட்டார்கள். புழுவைக் கொல்லும் அளவுக்கும் ஆட்டைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. துரிசில் உள்ள செம்பைத் தாங்கும் சக்தி செம்மறிக்கு வெள்ளாட்டை விடவும் குறைவு. உள்ளி, வேப்பிலை, பூசணி விதை ஆகியவற்றைப் பல நாடுகளில் பரிசோதித்திருக்கிறார்கள். முடிவுகள் ஒன்றுபோல் வரவில்லை. வேப்பங்குழையைத் தீனியாகக் கொடுங்கள், நல்லது. அதை நம்பி, சாகக் கிடக்கும் ஆட்டுக்கு மருந்து கொடுக்காமல் விடாதீர்கள்.

மருந்துப் போத்தலும் முழுத் தீர்வல்ல. இதில் நாமும் குற்றவாளிகள். ஆடு கொடுத்த காலத்தில் மாதாமாதம் எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்தைப் பருக்கச் சொன்னோம். போத்தல் காணாதபோது அளவைக் குறைத்துப் பங்கிட்டோம். தப்பிய புழுக்கள் மருந்துக்கு அஞ்சாத பரம்பரையைப் பெருக்கின. அல்பென்டசோல், லெவமிசோல், ஐவர்மெக்டின் மூன்றுக்கும் அடங்காத புழுக்கள் உலகின் பல பாகங்களில் இன்று உண்டு.

உண்மையான மாற்று வைத்தியம் புல்லில் இருக்கிறது. புழுவின் முட்டை சாணத்தோடு விழுந்து, ஈரத்தில் பொரித்து, ஆட்டைத் தொற்றும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு கிழமை செல்லும். பிறகு ஈரப் புல்லில் ஏறிக் காத்திருக்கும். அதுவும் நிலத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்குள்தான் பெரும்பாலும். டொங்கா தீவில் 1990களில் மேய்ச்சல் நிலத்தைப் பத்துத் துண்டாக்கி, துண்டொன்றில் மூன்றரை நாள் மட்டுமே வெள்ளாடுகளை மேயவிட்டார்கள். குஞ்சுப்புழு தயாராகுமுன் ஆடு போய்விடும். ஐந்து கிழமை கழித்துத் திரும்பி வரும்போது அநேகமானவை செத்திருக்கும். மருந்தின் தேவை வெகுவாகக் குறைந்தது.

எம்மவரிடம் பத்துத் துண்டு நிலம் எங்கே? நாற்பது குடும்பத்தின் ஆடுகள் ஒரே தரவையில் புல்லை மண்ணோடு கரும்புகின்றன. ஆனாலும் முளையும் கயிறும் உண்டு. மூன்று நாளைக்கொருமுறை முளையைப் பிடுங்கி மாற்றி அடிக்கலாம். அதே இடத்துக்கு ஐந்து கிழமைக்கு வராமல் பார்க்கலாம். மாரியில் பனியும் ஈரமும் காயாத காலையில் அவிழ்க்காமல், கொக்கச்சத்தகத்தால் குழை முறித்துக் கட்டித் தொங்கவிடலாம். பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை எதுவானாலும் தலைக்குமேல் தொங்கும் குழையில் புழு இல்லை. மரவள்ளி இலையை வெயிலில் நன்றாகக் காயவைத்தே கொடுக்கவேண்டும். அதிலுள்ள துவர்ப்புச் சத்து புழுமுட்டையைக் குறைப்பதைத் தென்கிழக்காசிய நாடுகளில் கண்டிருக்கிறார்கள். இப்பில்-இப்பில் குழை தீனியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று, செலவே இல்லாதது. கீழ்க் கண்ணிமையைப் புரட்டிப் பாருங்கள். தென்னாபிரிக்காவில் இதற்கென ஐந்து நிற அட்டையொன்றே செய்தார்கள். இமை சிவந்திருந்தால் மருந்து வேண்டாம். வெளிறியிருந்தால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கேட்டு, ஆட்டின் நிறைக்கேற்ற முழு அளவைக் கொடுங்கள். வெள்ளாட்டுக்குச் செம்மறியின் அளவு போதாது என்பதையும் அவரிடம் கேட்டறியுங்கள். பட்டியில் சில ஆடுகளே பெரும்பாலான புழுக்களைச் சுமக்கின்றன. அவற்றுக்கு மட்டும் மருந்து என்றால் ஒரு போத்தல் பல மாதம் வரும். மாரியில் இரண்டு கிழமைக்கொருமுறை பார்க்கவேண்டும். குட்டிகளையும் ஈன்ற மறிகளையும் முதலில் பாருங்கள்.

ஆடு பங்கிடும் நிறுவனங்களுக்கும் (எம்மையும் சேர்த்தே) ஒரு வார்த்தை. வருட இறுதிக்குள் பணத்தை முடிக்கவேண்டும் என்பதற்காக ஐப்பசி, கார்த்திகையில் லொறியில் ஆடு கொண்டுவந்து இறக்காதீர்கள். மாசி கழியட்டும். நிலம் காய்ந்திருக்கும், குட்டி தேறுவதற்கு அடுத்த மாரிவரை ஏழெட்டு மாதம் கிடைக்கும்.