ஆய்வேட்டை யாரிட்டக் குடுக்கிறம்?

மானிடவியலில் ஆய்வேடு எழுதி முதுமாணிப் பட்டம் செய்யிற ஒருத்தரிட்ட "எந்தளவில நிக்குது?" எண்டு கேட்டுப் பாருங்கோ. முன்மொழிவு பாஸாயிட்டுது, அறநெறிக் குழுவின்ர அனுமதி வந்திட்டுது, களவேலை முடிஞ்சுது, மூன்றாம் அத்தியாயம் சேரிட்ட இருக்குது, இனி வைவாதான் எண்டு பதில் வரும். இந்தப் படிகளில் ஒன்றிலாவது, களத்தில் கதை சொன்ன சனம் திரும்ப வருகினமா? அவையின்ர பங்கு களவேலையோட முடிஞ்சு போகுது. பட்டத்தின் முன்னேற்றம் என்று நாங்கள் அளக்கிறது கோப்பு நகர்ந்த தூரத்தைத்தான்.

முதலில் முன்மொழிவை எடுப்போம். களத்துக்குப் போகமுதலே ஆய்வு வினா, கோட்பாட்டுச் சட்டகம், மாத அட்டவணை எல்லாம் கேட்பார்கள். கேட்கட்டும், தயாரிப்பில்லாமல் களத்துக்குப் போகக்கூடாதுதான். ஆனால் களம் அந்தத் தாளுக்குக் கட்டுப்படாது. வலன்டைன் டானியல் 1983இல் இலங்கைக்கு வந்தது மலையகத் தோட்டப் பெண்களின் நாட்டார் பாடல்களைச் சேகரிக்க. வந்த இடத்தில் கண்டது இனக்கலவரம். 1996இல் அவர் வெளியிட்ட 'சார்ட் லலபைஸ்' வன்முறையைப் பற்றிய புத்தகம். சனம் எதைச் சொல்லியாக வேண்டியிருந்ததோ அதற்கு அவர் இடம் விட்டார். இண்டைக்கு ஒரு முதுமாணி மாணவி அப்படித் தலைப்பை மாற்ற வெளிக்கிட்டால், அது புதுப் படிவம், புது அனுமதி, இன்னொரு வருடக் கட்டணம். பிறகு ஆர் மாத்துவினம்? கேட்டதை விட்டுட்டு, எழுதிக் குடுத்ததுக்குப் பொருந்திறதை மட்டும் பொறுக்கி எடுப்பினம்.

அடுத்தது ஒப்புதல் படிவம். வன்னியில் ஒரு அம்மாவுக்கு முன்னால் தாளை நீட்டி "இதில ஒரு கையொப்பம் வையுங்கோ" எண்டு சொல்லிப் பாருங்கோ. வாசிக்க விளங்காத மொழியில் இருந்த தாளில் கையொப்பம் வைத்த அனுபவம் இந்த மண்ணில் எத்தனை பேருக்கு இருக்கு? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடி, ஒவ்வொரு ஆணைக்குழுவிலும் படிவம் நிரப்பிக் குடுத்திட்டு, 2017 முதல் தெருவில் இருக்கிற தாய்மார் அவை. அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் 1998ஆம் ஆண்டு அறநெறிக் கோவையே, ஒப்புதல் எழுத்தில்தான் இருக்கவேண்டும் என்றில்லை, அதன் தரம்தான் முக்கியம் என்கிறது. வாய்மொழி ஒப்புதல் போதும் என்று வாதாட மாணவருக்கு அதுவே காணும். அறம் பார்க்கிறம் எண்டு சொல்லிக்கொண்டு, கையொப்பத்தால் நாங்கள் காப்பாற்றுவது ஆரை? எங்களையும் எங்கட நிறுவனத்தையும்தான்.

கடைசியாக எழுத்து. தமிழில் கேட்டு, தமிழில் பதிந்து, தமிழிலேயே அழுததையும் சிரித்ததையும் ஆங்கிலத்தில் எழுதுகிறோம். தடித்த அட்டை போட்டு, முதுகில் பொன்னெழுத்துப் பொறித்து, நூலகத்துக்குள் வைக்கிறோம். வாசிக்கிறது வழிகாட்டியும் பரிசோதகர்களும். அடுத்த வருடம் இன்னொரு மாணவர் அதே ஊருக்குப் போய், அதே வீட்டுப் படலையைத் திறந்து, அதே கேள்வியைக் கேட்கிறார். "போன முறையும் ஒரு பிள்ளை வந்து எழுதிக்கொண்டு போச்சுது" எண்டு ஆச்சி சொன்னால், அந்த வசனமும் தரவாகிப் போகுது!

தமிழில் கோட்பாட்டை எழுத ஏலாது, சொல்லில்லை எண்டுவினம். எழுதாமல் சொல் எங்கேயிருந்து வரும்? ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் வெளிநாட்டில் மேற்படிப்பும் வேலையும் கிடையாது என்பது நியாயமான பயம். அதனால்தான் ஆங்கில ஆய்வேட்டைக் கைவிடச் சொல்லேல்லை. அதோடு இருபது பக்கத்தில், கலைச்சொல் குவிக்காத தமிழ்ச் சுருக்கம் ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். வைவாவுக்கு முன்னம் அதைக் கொண்டுபோய்க் கதை சொன்ன சனத்துக்கு வாசித்துக் காட்டவேணும். வாசிகசாலையிலயோ, மாதர் சங்கக் கட்டடத்திலயோ, லயத்து முற்றத்திலயோ வைச்சுச் செய்யலாம். "நான் அப்படிச் சொல்லேல்லைத் தம்பி" எண்டு அவை சொன்னால், அந்த மறுப்பும் ஆய்வேட்டுக்குள் வரவேணும். பெயரை எடுக்கச் சொன்னால் எடுக்கவேணும். வைவாவில் முதல் கேள்வி "அவை என்ன சொன்னவை?" என்பதாக இருக்கட்டும்.

இது படிப்பை நீட்டும் என்பார்கள். மலினோவ்ஸ்கி ட்ரோபிரியண்ட் தீவுகளில் ஏறத்தாழ இரண்டு வருடம் இருந்தார் என்று முதல் விரிவுரையிலேயே பெருமையாகப் படிப்பிக்கிறோம். எங்களுக்குக் கதை தந்தவைக்கு முன்னால் ஒரு பின்னேரம் இருந்து பதில் சொல்ல நேரமில்லை எண்டால், அந்தப் பட்டத்தில் மானிடர் எங்கே?