கடுக்காய் நமக்கே கடுக்காய் கொடுக்கலாமா?



யாராவது ஏமாற்றிவிட்டால் "நல்லா கடுக்காய் கொடுத்துட்டான்டா" என்று சொல்கிறோம். பாவம், ஒரு நல்ல மருந்துக்கு இப்படி ஒரு கெட்ட பெயர்! ஆனால் கடுக்காயை வைத்தே நம்மை ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது என் கருத்து.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். ஆயுர்வேதத்தில் இதற்கு ஹரீதகி என்று பெயர். தாவரவியல் பெயர் டெர்மினாலியா செபுலா. நம் ஜவ்வாது மலையிலும் இந்த மரம் உண்டு. அறுசுவையில் உப்பு தவிர மற்ற ஐந்தும் இதில் இருப்பதாகச் சொல்வார்கள். நெல்லிக்காய், தான்றிக்காய் இரண்டோடும் சேர்ந்தால் அதுதான் திரிபலா. மலச்சிக்கலுக்குக் கடுக்காய்ப் பொடி கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். கடுக்காய் நீரால் வாய் கொப்பளித்தால் பல்லில் படியும் அழுக்கு குறைகிறதா என்று மனிதர்களிடமே ஆய்வு செய்து, பலன் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் சரி. "மூலிகைதானே, எவ்ளோ சாப்பிட்டாலும் ஒண்ணும் பண்ணாது" என்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நம் முன்னோர் அப்படிச் சொல்லவே இல்லை. சுக்குக்குப் புறத்தோல் நஞ்சு, கடுக்காய்க்கு உள்ளிருக்கும் கொட்டை நஞ்சு என்று சொல்லி, கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டுமே எடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கும், பட்டினி கிடந்தவர்களுக்கும், உடல் மெலிந்தவர்களுக்கும் கொடுக்கக் கூடாது என்றார்கள். இன்று பாக்கெட்டில் போட்டு விற்பவர்கள் பெருமையை மட்டும் அச்சடித்துவிட்டு எச்சரிக்கையை விட்டுவிடுகிறார்கள்.

நண்பர்களே, ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டு ஒரு நாள் வையுங்கள். தண்ணீர் கறுத்துவிடும். கடுக்காயில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்துகொள்வதுதான் காரணம். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் கலந்து எழுதும் மை செய்தது இப்படித்தான். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். நமக்குப் பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற மாத்திரையிலும் இரும்புதான் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேரும் இரும்பு குறைந்துபோகும்.

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. அக்காவுக்கு ரத்தசோகை. தினமும் இரவு சாப்பிட்டதும் இரும்பு மாத்திரை போடுவாள். அதனால் மலச்சிக்கல் வந்தது. ஆயா பாசத்தோடு கூடவே கடுக்காய்ப் பொடியைச் சுடுதண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் அக்கா கேட்டுவிட்டு, "ரெண்டும் நல்லதுதான் ஆயா. ஆனா சேர்த்துக் குடுக்காதீங்க. மாத்திரைய மதியம் குடுங்க, பொடிய தேவைப்பட்டா மட்டும் ராத்திரி குடுங்க" என்றார். ஆயாவும் ஒத்துக்கொண்டார். அடுத்த மாதம் அக்காவுக்கு மறுபடியும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

சர்க்கரை நோய் விஷயம் இதைவிட ஆபத்து. "இந்தப் பொடி போதும், மாத்திரைய தூக்கிப் போடுங்க" என்று சந்தையில் மைக் வைத்து விற்கிறார்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை ஏறும். மாத்திரையோடு பொடியையும் அதிகம் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் வாய்ப்பு உண்டு.

எனவே நான் கேட்டுக்கொள்வது:

1. பாக்கெட்டில் உரிம எண்ணும் காலாவதி தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.
2. இரும்பு மாத்திரைக்கும் கடுக்காய்க்கும் குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.
3. கர்ப்பிணிகள், தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அரசு சித்த மருத்துவரையோ ஆயுர்வேத மருத்துவரையோ கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

நோயைத் தீர்க்கும் சக்தி ஒரு காய்க்கு இருக்கிறது என்றால், அளவு தப்பினால் கெடுக்கும் சக்தியும் அதற்கு இருக்கத்தானே செய்யும்? கடுக்காயை மதிப்பவர்கள் அதை மருந்தாக மதிக்க வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் ஆயாவிடம், அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

சிந்திப்போம்! நலமாய் வாழ்வோம்!

– பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்