கிராமத்து மருத்துவரும் மனநலமும்

தமிழ்நாட்டில் மனநல மருத்துவம் நெடுங்காலம் சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் மதில்களுக்குள்ளேயே அடங்கியிருந்தது. அங்கு 1959இல் பணியில் சேர்ந்து, 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனன், மாவட்ட மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு வேண்டும் என்று வலியுறுத்தியவர். அவர் விரும்பிய பரவலாக்கம் விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் முழுமை பெற வேண்டுமானால், கிராமத்தில் பணியாற்றிய பின் மனநலம் படிக்க வரும் அரசு மருத்துவரையே அதற்கு முதன்மையாக நம்ப வேண்டியிருக்கிறது.

இவ்வட்டாரத்தில் மனத்துயர் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் வருவதில்லை. ‘நெஞ்சு படபடங்குது, கை கால் மரத்துப் போவுது, ராத்திரி தூக்கமே இல்ல’ என்றுதான் ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளர் வரிசையில் நிற்கும் பெண் சொல்கிறார். ஊசியும் சத்து மாத்திரையும் பெற்றுத் திரும்புபவர், அடுத்த மாதமும் அதே முறையீட்டோடு வருகிறார். இந்தியா உட்பட நான்கு நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 1980இல் வெளியான ஆய்வு, இத்தகைய நிலையங்களுக்கு வருவோரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதைக் கண்டறிந்தது. மனத்துயர் உடல்வலியாகவும் அசதியாகவும் வெளிப்படும் இந்த நிலையைப் பாடநூலில் படிப்பவர்கள் பலர். அதே முகத்தை மாதந்தோறும் பார்த்து, அவருடைய கணவரின் குடியையும் வீட்டுக் கடனையும் அறிந்தவர், மனநல மருத்துவராகும்போது கேட்க வேண்டிய கேள்வியை முன்பே கற்றிருப்பார்.

குடும்பங்களோடு பேசும் பக்குவமும் அங்குதான் வாய்க்கிறது. அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு நோயாளியை அழைத்துச் செல்லும் உறவினரை அறியாமை என்று கடிந்துகொள்ளும் மருத்துவரிடம் அவர்கள் மறுபடி வரமாட்டார்கள். கோயிலுக்கும் போங்கள், மாத்திரையையும் விடாதீர்கள் என்று சொல்பவரிடமே வருவார்கள். சங்கிலியில் பிணைத்து வைப்பதை மட்டும் அவர் எந்நிலையிலும் ஏற்கக்கூடாது. ஏர்வாடிக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மூண்ட தீயில் சங்கிலியில் பிணைக்கப்பட்ட மனநோயாளிகள் 28 பேர் தப்ப வழியின்றி மாண்டதும், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்திருப்பதும் யாரும் மறக்கத்தகாதவை.

பூச்சிமருந்து குடித்தவரைக் காப்பாற்றும் மருத்துவமனைகள், அவரை அந்த முடிவுக்குத் தள்ளியது எது என்று கேட்காமலே வீட்டுக்கு அனுப்பிவிடுவது இன்றும் பெருங்குறை; கிராமத்தை அறிந்த மனநல மருத்துவரே அதைக் கேட்கக்கூடியவர். தற்கொலைக்கு முயன்றவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுகிறது.

இப்படிக் கிராமத்தில் பணியாற்றும் அரசு மருத்துவர்கள் மனநலம் படிக்க வழி திறப்பது பட்டமேற்படிப்பு ஒதுக்கீடு. அத்தகைய தனி ஒதுக்கீடு வழங்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அது மருத்துவர்களின் பணி உரிமை பற்றிய தீர்ப்பாகவே பேசப்பட்டது. கிராமத்து மனநோயாளிக்கு அதனால் விளையும் பயனே அதனினும் பெரிது. ஆனால் அவ்வழியில் மனநலம் படித்து முடித்தவர் விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியிலோ சென்னையிலோ நிலைத்துவிட்டால் அப்பயன் கிராமத்தைச் சேராது. தமிழ்நாட்டில் திருச்சியில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் நோக்கமே சிகிச்சையை ஊருக்கு அருகில் கொண்டுசெல்வதுதான். ஆகவே ஒதுக்கீட்டில் படித்த மனநல மருத்துவர்களைத் திண்டிவனம் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் அமர்த்தி, வாரம் ஒரு நாளேனும் சுற்றுப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அனுப்பும் ஆணையை மக்கள் நல்வாழ்வுத் துறை பிறப்பிக்க வேண்டும்.