கேம் இழுபட்டால் உடனே புதுக் கார்டா?



நமது ஊரில் ஒரு பழக்கம் வேர்விட்டுவிட்டது. பிள்ளையின் கம்பியூட்டரில் கேம் லேக் அடித்தால் அடுத்த நாளே "கார்ட் மாத்தணும்" என்று தீர்ப்பு வந்துவிடும். தீர்ப்புச் சொல்பவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். உடனே கட்டாரில் இருக்கும் வாப்பாவுக்கு வொய்ஸ் மெசேஜ் போகும். அவர் நாலு பேரிடம் கைமாற்று வாங்கி அனுப்புவார். இல்லையென்றால் உம்மாவின் காப்பு அடகுக்குப் போகும். புதுக் கார்ட் போட்ட பிறகும் கேம் இழுபட்டால், "இப்ப புரொசசர் பத்தாது" என்று அடுத்த தீர்ப்பு வரும்.

இதை வியாபாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அளந்து பார்க்காமல் காசைக் கொட்டும் நமது புத்திதான் இதற்கு இடம் கொடுக்கிறது. 2022 இல் ரூபா விழுந்தது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. இதையெல்லாம் பட்ட பிறகும் நாம் திருந்தவில்லையே!

முதலில் விடயத்தை விளங்கிக்கொள்வோம். கேம் என்பது அடுத்தடுத்து வரும் படங்கள். செக்கனுக்கு 60 படம் வர வேண்டுமானால் ஒரு படத்தைச் செய்து முடிக்க 16.7 மில்லிசெக்கன்தான் உண்டு. அந்த வேலையில் புரொசசர், கிராஃபிக்ஸ் கார்ட், ரெம், டிஸ்க் எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கிறது. இவற்றில் எது பிந்தினாலும் படம் பிந்தும். அப்படியிருக்க, குற்றவாளி கார்ட்தான் என்று பார்த்த மாத்திரத்தில் எப்படிச் சொல்கிறார்கள்?

அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடமும் செல்லாது, ஒரு சதமும் செலவில்லை. கேம் செட்டிங்கில் ரெசலூஷனை 1080 இலிருந்து 720 க்கு இறக்குங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் இருபது இலட்சத்திலிருந்து ஒன்பது இலட்சமாகக் குறையும். அப்போது எஃப்.பி.எஸ். துள்ளி ஏறினால் கார்ட்தான் திணறுகிறது. ஏறவேயில்லை என்றால் தடை வேறு இடத்தில் இருக்கிறது, எத்தனை இலட்சத்துக்குக் கார்ட் வாங்கினாலும் பயன் இல்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் யாராவது கார்ட் வாங்கச் சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்தது நம் மண்ணுக்கே உரிய பிரச்சினை. கற்பிட்டி, கண்டக்குளி, நுரைச்சோலை, புத்தளம் என்று ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் உப்பளமுமாக வாழ்கிறோம். காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரத்தில் தூசி ஒட்டும். உள்நாட்டில் ஊதினால் பறக்கும் தூசி, இங்கே ஹீட் சிங்கின் தகடுகளுக்கு இடையில் களிபோல இறுகிவிடுகிறது. பிறகு விசிறி சுற்றினாலும் சூடு வெளியேறாது. பல இன்டெல் புரொசசர்கள் 100 பாகையை நெருங்கும்போது தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். கேம் தொடங்கிப் பத்து நிமிடம் நன்றாக ஓடி, அதற்குப் பிறகு இழுபட்டால் முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள். ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள் திரையின் மூலையிலேயே வெப்பநிலையைக் காட்டும். கரண்டை முழுதாகக் கழற்றி, விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் துப்புரவு செய்தாலே பல பெட்டிகளுக்கு உயிர் வரும். கம்பியூட்டரை அலுமாரிக்குள் அடைத்து வைப்பதும், லெப்டொப்பை மெத்தையில் வைத்து விளையாடுவதும் அதன் மூக்கைப் பொத்துவதற்குச் சமம்.

மொனிட்டர் கேபிளை கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருந்தால் பெரும்பாலும் கார்ட் சும்மா கிடக்கும். லெப்டொப் சார்ஜரில் இல்லாவிட்டால் வேகம் இறங்கும். தனிக் கார்ட் இல்லாத பெட்டியில் ஒற்றை 8 ஜி.பி. ரெம்முக்குப் பதிலாக இரண்டு 4 ஜி.பி. போட்டாலே வித்தியாசம் தெரியும்.

சில வேளை பிழை நம் பெட்டியிலேயே இருக்காது. சைபர்பங்க் 2077 வெளிவந்தது 2020 டிசம்பர் 10. அது ஓடிய இலட்சணத்தைப் பார்த்து, சில நாட்களிலேயே சோனி தன் பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து அதைத் தூக்கியது. அடுத்த வருடம் ஜூனில்தான் திரும்பப் போட்டது. பிறகு 2023 இல் வந்த 2.0 அப்டேட்டோடு எஸ்.எஸ்.டி. குறைந்தபட்சத் தேவையானது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது இழுபட்டால் டிஸ்க்கைப் பாருங்கள், கார்டைத் திட்டாதீர்கள். கார்ட்தான் பலவீனம் என்று தெரிந்தாலும் முதலில் எஃப்.எஸ்.ஆர். போட்டுப் பாருங்கள். ஏ.எம்.டி. அதை 2021 இல் வெளியிட்டது. கேமில் அந்த வசதி இருந்தால் ஜி.டி.எக்ஸ். 1060 போன்ற பழைய கார்டிலும் வேலை செய்யும்.

"மலிவா செகண்ட் ஹேண்ட் இருக்கு" என்பார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்துக்குக் கார்டால் மைனிங் செய்வது முடிவுக்கு வந்தது. இரவு பகலாக உழைத்த கார்டுகள் உலகச் சந்தையில் கொட்டப்பட்டன. கண் முன்னே அரை மணித்தியாலம் கேம் ஓட்டிக் காட்டாத பழைய கார்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

"சேர், பிள்ளைகளுக்கு கேம் விளையாடப் பழக்குறீங்களா?" என்று கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. எத்தனை மணித்தியாலம் விளையாடலாம் என்பதை வீட்டில் பெற்றோர் தீர்மானிக்கட்டும். ஆனால், வெப்பக் கடத்தலை ஓ.எல். விஞ்ஞானத்தில் மனப்பாடம் செய்து ஏ சித்தி எடுக்கும் பிள்ளைக்குத் தன் பெட்டி ஏன் சூடாகிறது என்று தெரியவில்லை என்றால் அது யாருடைய தோல்வி? ஒவ்வொன்றாக மாற்றிப் பார், அளந்து பார், எழுதி வை: விஞ்ஞானம் என்பது இதுதானே! வீண்விரயம் கூடாது என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து, ஒரு பிரஷ்ஷால் தீரும் காரியத்துக்குக் காப்பை அடகு வைப்பது எந்த நியாயம்?

ஆகவே பெற்றோரே, இனிமேல் யாராவது கார்ட் மாற்றச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். விளையாடும்போது சூடு எத்தனை பாகை? ரெசலூஷனைக் குறைத்தபோது எஃப்.பி.எஸ். கூடியதா? உள்ளே துப்புரவு செய்து பார்த்தீர்களா? மூன்றுக்கும் பதில் கிடைக்கும் வரை மடியை அவிழ்க்காதீர்கள்.

வெளிநாட்டில் உழைக்கும் நம் சகோதரர்களுக்கும் இதை அனுப்பி வையுங்கள். அடுத்த வொய்ஸ் மெசேஜ் அவர்களுக்குத்தான் போகப் போகிறது.